இலட்சியமும் அணிபலமும்

2019-ஆம் வருஷம் மார்ச் மாதம் 9-ஆம் தேதியன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில், இடைவேளை வரையில் ஒரு கோல் பின்தங்கியிருந்து, பிற்பாதியில் மூன்று கோல்களைப் போட்டு மினர்வா பஞ்சாப் அணியை வென்று, ஐ-லீக் என்னும் தேசியக் கால்பந்துப் பட்டத்தை முதல் தடவையாகத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது சென்னை சிட்டி அணி. சேலத்தில் காலை ஆகாரத்தை முடித்துக்கொண்டு ரயிலேறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊரில் நடந்த அந்த வெற்றியை, சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வசிக்கும் நம்மில் அறிந்தவர் சிலரே. அதற்கு இரண்டரை வருஷங்களுக்குப் பின், 2021-ஆம் வருஷம் செப்டம்பரில், அதே கிளப் அதே லீக்கில் ஆடும் தகுதியையே இழந்து வெளியேற நேர்ந்ததை அறிந்தவர் அவர்களிலும் சிலர்.

உச்சியில் நின்ற கிளப் ஒன்று இவ்வளவு விரைவில் அடிவாரத்திலும் இடமின்றிப் போன காரணம் என்ன என்று நிதானமாக ஆராய்ந்தால், தொழில்முறைக் கால்பந்தின் அடிப்படையான நியாயம் ஒன்று நமக்குப் புலப்படும். இலட்சியம் ஓர் அணியை ஒரு பருவத்தில் சிகரத்துக்கு ஏற்றிவிட வல்லது. ஆனால், ஏறிய இடத்தில் அதை நிலைக்கச் செய்வது, மைதானத்தில் நிற்கும் பதினொரு பேருக்குக் கீழே எத்தனை அடுக்குப் பலம் இருக்கிறது என்பதுதான். பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் முன்னதைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. பின்னதைப் பற்றிப் பேசுவது அபூர்வம். நம் பிரதேசத்தில் கால்பந்து தழைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பின்னதைத்தான் முதலில் கற்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சென்ற நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கால்பந்து பெரும்பாலும் ஆபீஸ் கால்பந்தாகவே இருந்தது. சென்னையில் ரயில்பெட்டித் தொழிற்சாலை, வங்கிகள், போலீஸ் இலாகா போன்ற ஸ்தாபனங்கள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு உத்தியோகம் கொடுத்து, அவர்களைக் கொண்டு அணிகளை அமைத்தன. முழங்காலில் அடிபட்டு ஆட்டம் நின்றுபோனாலும் மாதச் சம்பளம் நிற்காது என்ற தைரியத்தில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பந்தை நம்பி வாழ்க்கையை ஒப்படைத்தார்கள். 1996-ஆம் வருஷம் தேசியக் கால்பந்து லீக் தொடங்கப்பட்டபின், அதில் ஆடும் அளவுக்கு உயர்ந்த இந்தியன் வங்கி அணி அந்தப் பழைய முறையின் சிறந்த பிரதிநிதி. அந்த அணிகளின் பலம், அவற்றை நடத்திய ஸ்தாபனங்களின் சம்பளப் பட்டியலில் இருந்தது. அவற்றின் இலட்சியமும் அந்த அளவுக்கு உட்பட்டே இருந்தது.

தொழில்முறை கிளப் என்பது வேறு வகையான ஏற்பாடு. இங்கே ஆட்டக்காரர் ஒன்றிரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வருகிறார். அவருக்குச் சம்பளம், தங்குமிடம், பிரயாணம், வைத்தியம் எல்லாம் கிளப்பின் பொறுப்பு. ஒப்பந்தம் முடியுமுன் வேறொரு கிளப் அவரை அழைத்துக்கொண்டால், அதற்கு ஒரு மாற்றுத்தொகை கைமாறும். கிளப்பின் வரும்படியோ நான்கு வழிகளில் வருவது: டிக்கெட் விற்பனை, விளம்பரதாரர் உதவி, தொலைக்காட்சி உரிமைப் பங்கு, ஆட்டக்காரர்களை விற்றுக் கிடைக்கும் தொகை. இங்கிலாந்தின் உயர்ந்த லீக்கில் தொலைக்காட்சிப் பங்கு ஒன்றே சிறிய கிளப்பையும் தாங்கும். இந்தியாவிலோ இந்த நான்கும் சேர்ந்தும் செலவுக்கு ஈடாவதில்லை. ஆகவே பெரும்பகுதி கிளப் சொந்தக்காரரின் சட்டைப்பையிலிருந்தே வர வேண்டியிருக்கிறது. அதனால் நம் நாட்டில் ஒரு கிளப்பின் இலட்சியம் என்பது பல சமயங்களில் ஒரு தனி மனிதரின் உத்ஸாகமாகவே இருக்கிறது. அந்த உத்ஸாகம் தணிந்தாலோ, அவருடைய வியாபாரம் சற்றுத் தளர்ந்தாலோ, கிளப்பின் கதியும் உடன் தளர்கிறது.

இனி, அணிபலம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்வோம். பதினொரு பேரின் திறமையைக் கூட்டிப் பார்த்தால் வருவது அணிபலம் என்று சாதாரண ரசிகர் நினைப்பது இயல்பே. ஆனால் ஒரு லீக் பருவம் மாதக்கணக்கில் நீள்கிறது. ஒரு வாரம் காஷ்மீரத்தின் குளிரிலும் மறுவாரம் கோழிக்கோட்டின் வேர்வையிலுமாக பல ஆட்டங்கள் ஆட வேண்டியிருக்கிறது. தசை பிடித்துக்கொள்வதும், மஞ்சள் அட்டைகள் சேர்ந்து ஓர் ஆட்டம் உட்கார நேர்வதும் யாருக்கும் தப்பாது. அப்போது ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டாவது ஆள் ஒருவர், முதலாமவரைக் காட்டிலும் மிகக் குறையாதவராக, பெஞ்சில் தயாராக இருக்கிறாரா என்பதே கேள்வி. அவருக்குப் பின்னால், பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் அணியில் மூன்றாவது ஆள் ஒருவர் வளர்ந்து வருகிறாரா? பயிற்சியாளர் மாறினால் ஆட்டமுறை முழுவதும் மாறிவிடுகிறதா, அல்லது கிளப்புக்கென்று நிலையான முறை ஒன்று இருக்கிறதா? உடற்பயிற்சி நிபுணரும் வைத்தியரும் முழுநேரம் இருக்கிறார்களா? வரவுசெலவுக் கணக்கு வருஷந்தோறும் தணிக்கையாகிறதா? இவ்வளவும் சேர்ந்ததே அணிபலம். இதில் பெரும்பகுதி ரசிகரின் கண்ணுக்குத் தென்படாது.

சென்னை சிட்டி அணி 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடி நுழைவு பெற்றது. மினர்வா பஞ்சாப் அணியும் அதே பருவத்தில்தான் வந்து சேர்ந்தது. முதலிரண்டு பருவங்களிலும் சென்னை சிட்டி பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே தங்கிவிட்டது. இரண்டாவது பருவத்தில் தன் உறைவிடத்தைச் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு மாற்றிக்கொண்டது. தலைநகரில் இந்தியன் சூப்பர் லீக் என்னும் வேறொரு லீக்கைச் சேர்ந்த சென்னையின் அணி, சினிமா நட்சத்திரமும் கிரிக்கெட் வீரரும் சொந்தக்காரர்களாக இருக்கும் கீர்த்தியோடு ஜனங்களை ஈர்த்துக்கொண்டிருக்கையில், கொங்கு நாட்டில் தனக்கென ஒரு வீட்டைத் தேடிக்கொண்டது விவேகமான காரியமே.

மூன்றாவது பருவத்துக்கு முன்னால் கிளப்பின் சொந்தக்காரரான ரோஹித் ரமேஷ், சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸைப் பயிற்சியாளராக அமர்த்தினார். அவர்கள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த விதமே அந்த வருஷத்துக் கதையின் விசேஷம். இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014-இல், பெயர் பெற்ற அயல்நாட்டு ஆட்டக்காரர்களை அவர்களுடைய ஆட்ட வாழ்வின் அந்திப் பொழுதில் அழைத்துவருவதே வழக்கமாக இருந்தது: டில்லிக்கு டெல் பியரோ வந்தார், மும்பைக்கு அனெல்கா வந்தார், சென்னைக்கு மட்டராஸியும் எலானோவும் வந்தார்கள். சென்னை சிட்டியோ பெயரை விலைக்கு வாங்கவில்லை. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த, நம் நாட்டில் ஒருவரும் கேள்விப்பட்டிராத சிலரைத் தேடிப் பிடித்தது. உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்ஸி முன்வரிசைக்கும், நெஸ்டர் கோர்டில்லோவும் சாண்ட்ரோ ரோட்ரிகஸும் நடுக்களத்துக்கும், ராபர்ட்டோ எஸ்லாவா தற்காப்புக்கும் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் ஒரே விதமான பந்துப் பரிமாற்றத்தில் பழகியவர்களாதலால், ஒருவர் எங்கே ஓடுவார் என்பதை மற்றவர் பார்க்காமலே அறிந்தார்கள். அவர்களைச் சுற்றி எட்வின் வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் முதலிய நம் நாட்டு இளைஞர்கள் ஓட்டத்தையும் உழைப்பையும் தந்தார்கள்.

இருபது ஆட்டங்களில் பதின்மூன்று வெற்றி, நான்கு சமன், மூன்று தோல்வி. மான்ஸி மட்டும் போட்ட கோல்கள் 21. ஆயினும் கடைசி நாள் வரையில் பட்டம் நிச்சயமாகவில்லை. நூற்றாண்டை நெருங்கிய பெருமையுடைய கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி ஒரே புள்ளி பின்னால் நின்றது; அதே மாலையில் அது கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடு ஆடியது. கோயம்புத்தூரில் ஆட்டம் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட, அரங்கு முழுவதும் அடங்கிப்போயிற்று. பிற்பாதியில் பெனால்டி ஒன்றை மான்ஸி கோலாக்கிச் சமன் செய்தார். ஆனால் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால் சமன் போதாது. அந்த நிலையில், 21 கோல் போட்ட மான்ஸியை எதிரணி கண்கொத்திப் பாம்பாகக் காத்துக்கொண்டிருந்தபோது, கோல் போடுவதைத் தொழிலாகக் கொள்ளாத கௌரவ் போரா முன்னேறி வந்து இரண்டு கோல்களைப் போட்டார். இரண்டாவது கோல் விழுந்தபோது ஆட்டம் முடியும் தறுவாய். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் இரண்டுக்கு ஒன்று என வென்றது வீணாயிற்று; 43 புள்ளிக்கு 42 புள்ளி என்ற ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டம் கோயம்புத்தூரில் தங்கியது. பருவம் முழுவதும் சுமந்து வந்தவரைக் கட்டிப்போட்டபிறகும் வெல்வதற்கு வேறொருவர் இருந்தார் என்பதே அன்றைய அணிபலம். அந்தப் பலம் அன்று இருந்தது என்பதில் சந்தேகமில்லை. அது எத்தனை நாள் இருக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது என்பதே பிற்பாடு எழுந்த பிரச்னை.

வெற்றிக்குப் பின் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் பிரசித்தி பெற்ற பாஸெல் கிளப், அந்த வருஷத்திலேயே சென்னை சிட்டியின் 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. பெரிய எதிர்காலம் ஒன்று திறந்துவிட்டதாக அபிமானிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் நாட்டின் தலையாய லீக் என்ற ஸ்தானம் 2019-20 பருவத்திலிருந்து இந்தியன் சூப்பர் லீக்குக்குப் போய்விட்டது. ஐ-லீக்கை வென்றவருக்கு அதில் ஏறுவதற்கான வாயில் அப்போது திறக்கப்படவில்லை. ஏறுவதற்குப் படியில்லாத வீட்டில் நல்ல ஆட்டக்காரர் தங்குவது அரிது. கோர்டில்லோ ஹைதராபாத் அணிக்குச் சென்றார். எட்வின் சென்னையின் சூப்பர் லீக் அணிக்குப் போனார். 2020 ஜனவரியில் மான்ஸி ஜப்பானுக்குப் போனார். ரொமாரியோ ஜேசுராஜ் கோவா அணியில் சேர்ந்தார். அஜித் குமார் பின்னர் பெங்களூர் அணியில் இடம்பெற்றார். ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் பூர்வாங்கச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் ஒரே கோலில் தோல்வி; பிறகு கொரோனா நோய்த்தொற்று வந்து மைதானங்களையே மூடிவிட்டது. 2020-21 பருவத்தின் ஆட்டங்கள் எல்லாம் வங்காளத்திலேயே நடத்தப்பட்டதால், கோயம்புத்தூர் ரசிகர்கள் தம் அணியைத் தம் அரங்கில் காணும் பாக்கியத்தையும் இழந்தார்கள். அடுத்த வருஷம், கிளப்புகளுக்கு விதிக்கப்பட்ட உரிம நிபந்தனைகள் பூர்த்தியாகவில்லை என்ற காரணத்தால் அணி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது.

நோய்த்தொற்றையும் லீக் அமைப்பின் குறையையும் குற்றம் சொல்வது நியாயமே; அவை இரண்டும் மெய்யான காரணங்கள். ஆனால் அதே சோதனைகளை அனுபவித்த வேறு இரு சிறிய கிளப்புகள் இன்றும் இருக்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது. 2016-17-இல் ஐ-லீக்கை வென்றது மிஸோரத்தின் ஐஸ்வால் அணி. அதற்கு முந்திய பருவத்தில் லீக்கிலிருந்தே இறக்கப்பட்டு, மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி அது. காலித் ஜமீலின் பயிற்சியில், மோஹன் பகானை ஒரே புள்ளியில் முந்திப் பட்டம் பெற்றது. 2017-18-இல் வென்றது மினர்வா பஞ்சாப். 2018-19-இல் சென்னை சிட்டி. பணபலத்தில் சிறிய மூன்று கிளப்புகள், அடுத்தடுத்து மூன்று வருஷங்களில், கல்கத்தாவின் ஜாம்பவான்களை வென்று ஒரே பட்டத்தை ஏந்தின.

அந்த மூன்றின் பிற்கால வாழ்வு மூன்று விதமாக அமைந்தது. ஐஸ்வாலின் நல்ல ஆட்டக்காரர்களையும் பெரிய கிளப்புகள் அள்ளிக்கொண்டு போயின. ஆனாலும், தெருவெல்லாம் பந்து உதைக்கும் மிஸோரம் என்ற மலைநாடு அதற்குப் பின்னால் இருந்ததால், போனவர் இடத்துக்குப் புதிய பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அது மறுபடி பட்டம் வெல்லவில்லை, ஆனால் மறைந்தும் போகவில்லை. மினர்வா, சிறுவர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் மேல் எழுந்த கிளப். 2020-இல் அது ரவுண்ட்கிளாஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியபின் பெயர் மாறி, 2022-23-இல் மீண்டும் ஐ-லீக்கை வென்றது. அதற்குள் வாயிலும் திறக்கப்பட்டிருந்ததால், சூப்பர் லீக்குக்கு ஆட்டத்தின் வழியாகவே ஏறிய முதல் அணி என்ற கௌரவத்தைப் பெற்றது. சென்னை சிட்டிக்குக் கீழே அப்படி ஒரு நாடும் இல்லை, ஒரு பள்ளியும் அந்த அளவுக்கு வளரவில்லை. மிகுந்த சாமர்த்தியத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் இருந்தார்கள், அவர்கள் போனதும் பலமும் உடன் போயிற்று.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். சேஸிஸ் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை முதலில் பார்த்துக்கொண்டுதான் மேஸ்திரி பாடியின் நீளத்தையும் உயரத்தையும் நிர்ணயிக்கிறார். சேஸிஸை மறந்து பாடியை உயர்த்திக் கட்டினால், வண்டி பட்டறையை விட்டுக் கம்பீரமாகவே வெளிக்கிளம்பும்; முதல் மலைப்பாதை வளைவில்தான் உண்மை தெரியும். கிளப்பின் இலட்சியம் எவ்வளவு உயரமாகவும் இருக்கலாம். அதைத் தாங்கும் சட்டம் அதற்கு முன்பே பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

இதே பாடத்தை வேறொரு கோணத்திலிருந்து போதிக்கிறது சென்னையின் சூப்பர் லீக் அணி. 2015 பருவத்தில் எட்டு அணிகளில் எட்டாவதாகக் கிடந்த அந்த அணி, கடைசிக் கட்டத்தில் தொடர்ந்து வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அந்த டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் மூழ்கடித்ததால் தன் அரையிறுதி ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டிய நிர்ப்பந்தத்திலும் அது தளரவில்லை. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தின் தொண்ணூறாவது நிமிஷம் நெருங்குகையில் பின்தங்கியிருந்து, இறுதி மூச்சில் இரண்டு கோல் பெற்று, மூன்றுக்கு இரண்டு என்று கோப்பையை வென்றது. 2018 மார்ச் 17-இல், ஜான் கிரிகரியின் பயிற்சியில், பெங்களூரை அதன் சொந்த அரங்கிலேயே மறுபடி மூன்றுக்கு இரண்டு என்று வென்று இரண்டாவது கோப்பையைப் பெற்றது. ஆனால் அதற்கு அடுத்த பருவத்தில், அதே பயிற்சியாளரோடும் ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களோடும் இறங்கி, பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பதே புள்ளிகள் பெற்றுக் கடைசி இடத்தில் முடிந்தது. கோயம்புத்தூரில் ஒரு தமிழ்நாட்டு அணி சாம்பியனான அதே மாதங்களில், சென்னையில் சாம்பியனாக இருந்த அணி பட்டியலின் அடியில் கிடந்தது என்பது நினைவில் வைக்கத்தக்க செய்தி.

இதற்கு ஒரு காரணம், கோப்பை ஆட்டத்துக்கும் லீக் ஆட்டத்துக்கும் உள்ள பேதம். அரையிறுதியிலும் இறுதியிலும் மூன்று நாள் நன்றாக ஆடினால் போதும். அங்கே மனோதிடமும் இலட்சிய வெறியும் பலக் குறைவை மறைத்துவிடக்கூடும். லீக் அப்படி மறைக்க விடுவதில்லை. மாதக்கணக்கில் நீளும் பரீட்சையில் ஒவ்வொரு பலவீனமும் ஒரு நாள் கேள்வியாக வந்தே தீரும். சென்னையின் அணி இரண்டு தடவை கோப்பையை ஏந்தியிருந்தும், லீக் பட்டியலில் முதலிடம் பெற்றவருக்கு 2019-20 முதல் வழங்கப்படும் கேடயத்தை இதுவரை பெற்றதில்லை என்பதை அதன் அபிமானிகள் சிந்திக்க வேண்டும். தோற்றபின் எழுந்து நிற்கும் பண்பு அதற்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்வோம்: 2019 டிசம்பரில் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்தபோது அடிமட்டத்தில் இருந்த அணி, அதே பருவத்தின் இறுதி ஆட்டம் வரையில் சென்று கல்கத்தா அணியிடம் தோற்றது.

அயல்நாடுகளிலும் இந்த நியாயம் மாறவில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகர அணி, பந்தயக்காரர்கள் 5000-க்கு ஒன்று என்று வைத்த பந்தயத்தைப் பொய்யாக்கி, 2015-16-இல் 81 புள்ளிகளுடன் பிரீமியர் லீக்கை வென்றது உலகமே வியந்த வெற்றி. மறுபருவத்தில் அதன் நடுக்களத்தின் உயிராக இருந்த கான்டே செல்ஸீ அணிக்குப் போனார். அந்தப் பருவத்தில் பட்டம் வென்றது செல்ஸீ. லெஸ்டரோ பட்டம் தந்த பயிற்சியாளர் ரனியேரியை நடுவிலேயே அனுப்பிவிட்டது; 2023-இல் உயர்ந்த லீக்கிலிருந்தே இறங்கியது. அதைவிடக் கடுமையான எச்சரிக்கை லீட்ஸ் அணியின் கதை. 2001-இல் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை சென்ற அந்த அணி, இனி ஒவ்வொரு வருஷமும் அந்தப் போட்டியில் ஆடி வருமானம் பெறுவோம் என்ற நம்பிக்கையில் பெருங்கடன் வாங்கி ஆட்டக்காரர்களைச் சேர்த்தது. நம்பிய இடம் கிடைக்காத வருஷத்தில் வட்டி கழுத்தை நெரிக்க, ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்று, 2004-இல் இரண்டாம் படிக்கும், 2007-இல் மூன்றாம் படிக்கும் இறங்கியது. அங்கே ஆர்வத்துக்குக் குறைவில்லை, திறமைக்கும் குறைவில்லை. வராத வரும்படியைக் கணக்கில் எழுதிய இலட்சியமே அணியைக் கவிழ்த்தது.

இதனால்தான் உரிம நிபந்தனைகளை நாம் சத்துருவாகக் கருதக் கூடாது. ஆட்டத்திறன், அடிப்படை வசதி, நிர்வாகமும் பணியாளரும், சட்டம், நிதி என்று ஐந்து தலைப்புகளில் ஆசியக் கால்பந்துச் சம்மேளனம் வகுத்த அந்த விதிகள், இளையோர் அணி இருக்கிறதா, தகுதி பெற்ற பயிற்சியாளர் இருக்கிறாரா, கணக்கு தணிக்கை செய்யப்பட்டதா, ஆட்டக்காரருக்குச் சம்பளப் பாக்கி உண்டா என்றெல்லாம் கேட்கின்றன. கேள்விகள் எல்லாம் அடுக்குப் பலத்தைப் பற்றியவை. அதே சமயம், கிளப்புகளைக் கேள்வி கேட்கும் மேலிடமும் தன் வீட்டை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். லீக்கை நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்த நிலையில், புதிய ஏற்பாடு கைகூடாமல், அந்த ஜூலையில் சூப்பர் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. பணக்காரக் கிளப்புகளும் செய்வதறியாது திகைத்தன. அடித்தளம் இல்லாத இலட்சியம் லீக்குகளையும் விட்டுவைப்பதில்லை.

இந்த இருளில் நம்பிக்கை தரும் தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. சென்னை சிட்டி பட்டம் பெற்ற இரண்டரை மாதங்களில், 2019 மே மாதம் லுதியானாவில், மதுரையின் சேது அணி மணிப்பூர் போலீஸ் அணியை மூன்றுக்கு ஒன்று என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. அந்த அணிக்குப் பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்னும் பெண்மணி. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி போன்ற அயல்நாட்டு வீராங்கனையும் அதில் ஆடியதுண்டு. ஆனால் சேதுவின் கீழே வேறொன்று இருந்தது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இல் மணிப்பூரை வென்று தேசியச் சாம்பியனாகியிருந்தது. கடலூர் முதலிய ஊர்களின் மைதானங்களில் வருஷக்கணக்காகப் பயின்ற பெண்கள், கடலூரில் பிறந்து இந்திய அணிக்கு ஆடிய இந்துமதியைப் போன்றோர், வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். 2021-22-இல் சேது அணி லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. 2023-இல் தமிழ்நாட்டு மகளிர் மறுபடியும் தேசியச் சாம்பியனானார்கள். ஆண்கள் கால்பந்தில் புரண்ட பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமான பணத்தில், நம் பெண்கள் நிலைத்த பலத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

இனி நம் சமவெளிக்கு வருவோம். 1997 வரையில் ஒரே ஜில்லாவாக இருந்த சேலமும் நாமக்கல்லும், லாரித் தொழிலும் ஜவ்வரிசி ஆலைகளும் கோழிப்பண்ணைகளும் விசைத்தறிகளும் வெள்ளிக் கொலுசும் கொண்டு சுயமாக முன்னேறிய பிரதேசம். அரசாங்கம் வந்து தூக்கிவிடும் என்று காத்திராமல் தொழில் செய்யும் வழக்கம் இங்கே உண்டு. விளையாட்டிலும் அந்தக் குணம் வெளிப்பட்டிருக்கிறது. ஓமலூருக்கு அருகே பெரியவடகம்பட்டியிலிருந்து கிளம்பி 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரத் தாண்டுதலில் தங்கம் வென்றார் மாரியப்பன். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிப் பழகிய நடராஜன், இந்திய அணிக்கு ஆடிப் பெயர் பெற்றபின், 2023-இல் அதே கிராமத்தில் கிரிக்கெட் மைதானம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். ஒருவருடைய இலட்சியம் அடுத்த தலைமுறையின் பலமாக மாறும் வழி அதுவே. கால்பந்துக்கு நமக்கு வேண்டியதும் அதுவே.

ஆகவே, வசதியுள்ள அன்பர் யாரேனும் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ ஒரு தொழில்முறை கிளப் அமைக்க எண்ணினால், அவரிடம் பணிவோடு கேட்டுக்கொள்வது இது. முதல் வருஷத்துப் பணத்தைக் கொண்டு வெளிநாட்டு ஆட்டக்காரரைத் தேட வேண்டாம். ராசிபுரம், ஆத்தூர், மேட்டூர், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களின் பள்ளிகளில் பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, சிறுமிகளையும் சேர்த்து, தனித்தனி லீக்குகளை வருஷம் முழுவதும் இடைவிடாமல் நடத்துங்கள். இரண்டு நாளில் முடிந்துவிடும் டோர்னமென்ட் ஆட்டக்காரரை உருவாக்காது. வாரம் ஓர் ஆட்டமாக முப்பது வாரம் ஆடுகிறவனே ஆட்டக்காரனாகிறான். ஊருக்கு இருவரையாவது அனுப்பி அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி லைசென்ஸ் பயிற்சியைப் பெறச் செய்யுங்கள். நடுவர்களையும் தயார் செய்யுங்கள். மழை பெய்தால் சேறும் வெயில் காய்ந்தால் கருங்கல்லுமாக இருக்கும் மைதானங்களில் ஒன்றையாவது புல் வளர்த்துக் காப்பாற்றுங்கள். கணக்கைத் தணிக்கை செய்து ஊரார் முன் வையுங்கள். ஐந்தாறு வருஷம் இது நடந்தபின் கிளப்புக்குப் பெயர் வையுங்கள்; அப்போது அந்தப் பெயரைத் தாங்குவதற்கு முந்நூறு பிள்ளைகள் கீழே நிற்பார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்து உதைக்கும் பிள்ளையிடம் எத்தனை கோல் போட்டாய் என்று மட்டும் கேளாதீர்கள். உன் அணியில் இன்று ஆடாமல் உட்கார்ந்திருந்தவன் யார், அவன் எப்படி ஆடுவான் என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்லும் பிள்ளைகள் நிறைந்த ஊரில் நல்ல அணி பிறக்கும். கோயம்புத்தூருக்கு வந்த பட்டம் தமிழர்களால் தேசிய லீக்கை வெல்ல முடியும் என்பதை ஐயமற நிரூபித்துவிட்டது. வென்றதை வைத்துக்கொள்வதற்கு வேண்டிய பலத்தைத் தேடுவது இனி நம் தலைமுறையின் கடமை.